சேத்துப்பட்டு முதல் தரமணி வரை: நம்பியதைச் சோதித்துப் பார்த்த கதைகள்



நம்ம ஊரின் பெருமை என்ன என்று கேட்டால் கபாலி கோயில் தேர், மார்கழிக் கச்சேரி, பாண்டி பஜார், மெரினா என்று பட்டியல் போடுவோம். அதே ஊரில் சேத்துப்பட்டு, கிண்டி, அடையாறு, தரமணி என்று ஆராய்ச்சிக்கூடங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் வாசலை பஸ்ஸில் எத்தனையோ தடவை கடந்திருப்போம். சுவருக்கு உள்ளே என்ன நடந்தது என்று கேட்டிருக்க மாட்டோம். அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, காபியை வைத்துக்கொண்டு படியுங்கள்.

மூன்று துறைகளை எடுத்துக்கொள்கிறேன். காசநோய் வைத்தியம், ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள், கட்டடங்களின் அதிர்வு. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. மூன்றிலும், எல்லோரும் சரி என்று நம்பிக்கொண்டிருந்த ஒன்றை எடுத்து, "இது தப்பாக இருந்தால் எப்படித் தெரியும்?" என்று கேட்டிருக்கிறார்கள். பதில் கிடைக்கும்வரை பொறுமையாக அளந்திருக்கிறார்கள்.

*சானடோரியம் தேவையா?*

மின்சார ரயிலில் போனவர்களுக்குத் 'தாம்பரம் சானடோரியம்' ஸ்டேஷன் தெரியும். ஓர் ஆஸ்பத்திரியின் பெயர் ஸ்டேஷனுக்கே பெயராக நின்றுவிட்டது. 1928ல் டாக்டர் சௌரி முத்து அங்கே காசநோயாளிகளுக்காக அந்த நிலையத்தைத் தொடங்கினார். அப்போது காசநோயைக் குணப்படுத்த மருந்தே கிடையாது. நல்ல காற்று, பாலும் முட்டையுமாக நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை ஓய்வு. உலகம் முழுக்க இதுதான் வைத்தியம்.

1944ல் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. அதைத் தொடர்ந்து பாஸ் என்ற மருந்து. 1952ல் ஐசோனியாசிட். கிருமியைக் கொல்லும் மருந்து கைக்கு வந்துவிட்டது. ஆனால் சானடோரியத்தின் மேல் இருந்த நம்பிக்கை போகவில்லை. மருந்தையும் அங்கேயே படுக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். அதில் நியாயமும் இருந்தது. ஒற்றை அறைக் குடித்தனத்தில் ஏழெட்டுப் பேர் படுத்துத் தூங்கும் வீட்டில், இருமுகிற ஒருவரை வைத்துக்கொண்டு வைத்தியம் பார்த்தால் குழந்தைகளின் கதி என்ன? அரை வயிற்றுச் சாப்பாட்டில் மருந்து வேலை செய்யுமா?

இன்னொரு பக்கம் கணக்கு உதைத்தது. நாட்டில் காசநோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். படுக்கைகளோ சொற்பம். படுக்கை கிடைத்தால்தான் வைத்தியம் என்றால், பெரும்பாலானவர்களுக்கு வைத்தியமே இல்லை என்று அர்த்தம். கிடைத்தவர்களுக்கும் அது லேசான காரியமில்லை. சம்பாதிக்கிறவர் ஒரு வருஷம் படுத்துவிட்டால் குடும்பம் என்ன சாப்பிடும்? தாயார் போய்விட்டால் கைக்குழந்தையை யார் பார்ப்பார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் காண 1956ல் சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து போட்ட ஐந்து வருஷத் திட்டம் அது. தலைமைக்கு வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர்.

193 நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். எல்லோரும் நகரத்தின் ஏழை மக்கள். யார் சானடோரியம் போவது, யார் வீட்டில் இருப்பது என்பதை டாக்டர் முடிவு செய்யவில்லை, நோயாளியும் முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி தற்செயலாகப் பிரித்தார்கள். இது ஏன் முக்கியம் தெரியுமா? டாக்டரிடம் விட்டால், பார்க்கப் பாவமாக இருப்பவரைச் சானடோரியத்துக்கு அனுப்பிவிடுவார். அப்புறம் அங்கே அதிகம் பேர் இறந்தால், குற்றம் சானடோரியத்துடையதா, முற்றிய நோயினுடையதா என்று சொல்லவே முடியாது. தற்செயலாகப் பிரித்தால்தான் இரண்டு தட்டிலும் ஒரே மாதிரி சரக்கு இருக்கும்.

இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்துகள், ஐசோனியாசிட்டும் பாஸும், ஒரு வருஷம். வீட்டில் இருந்தவர்கள் மருந்தைச் சரியாகச் சாப்பிடுகிறார்களா என்று பார்க்க, ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரை வாங்கிச் சோதித்தார்கள்.

முடிவு 1959ல் வெளியானது. ஒரு வருஷக் கடைசியில், சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்குச் சளியில் கிருமி அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம். ஒவ்வொரு பிரிவிலும் சுமார் 80 பேர் மட்டுமே கணக்கில் இருக்கும்போது இந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. இத்தனைக்கும் சானடோரியத்துக்காரர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், நன்றாக ஓய்வெடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்கள் கிடைத்ததைச் சாப்பிட்டு, முடிந்தபோது வேலைக்கும் போனார்கள். காற்று, பால், முட்டை, படுக்கை எல்லாவற்றையும்விட, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதுதான் குணப்படுத்தியது.

குழந்தைகளின் கதி? அதையும் விடவில்லை. இரண்டு பிரிவுக் குடும்பங்களையும் ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். வீட்டில் வைத்தியம் பார்த்த குடும்பத்தில் கூடுதலாக யாருக்கும் நோய் வந்துவிடவில்லை. தொற்று பெரும்பாலும் வைத்தியம் தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. மருந்து தொடங்கியதும் நோயாளியால் வரும் ஆபத்து வேகமாகக் குறைந்தது.

மருத்துவ உலகம் இதை 'மெட்ராஸ் ஸ்டடி' என்றுதான் சொல்கிறது. இதற்குப் பின் உலகெங்கும் காசநோய் வைத்தியம் வீட்டுக்கு வந்தது, சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன அல்லது வேறு ஆஸ்பத்திரிகளாயின. அதே சேத்துப்பட்டு மையம் 1960களில், தினமும் இல்லாமல் வாரம் இரண்டு தடவை, ஊழியர் கண்ணெதிரே மருந்து கொடுத்தாலும் போதும் என்று காட்டியது. பின்னாளில் உலக சுகாதார நிறுவனம் 'டாட்ஸ்' என்று உலகுக்குச் சொன்ன முறைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. ஐந்து வருஷத் திட்டமாகத் தொடங்கிய அந்த இடம் இன்றும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக நடக்கிறது.

*கசப்பான விடை*

சோதித்துப் பார்த்தால் எப்போதும் இனிப்பான விடை வரும் என்று நினைக்கக் கூடாது. பி.சி.ஜி. தடுப்பூசியின் கதை அப்படி.

1948ல் கிண்டியில் பி.சி.ஜி. தயாரிக்கும் கூடம் வந்தது. நாடு முழுக்க ஊசி போடும் இயக்கம் நடந்தது. 1955ல் அதைப் பகிரங்கமாக எதிர்த்தவர் நம் ராஜாஜி. முதலமைச்சர் பதவியை விட்டு விலகி, தி.நகர் பசுல்லா சாலையில் இருந்த காலம். ஆரோக்கியமான குழந்தைகளின் உடம்பில் உயிருள்ள கிருமியைச் செலுத்துவதா என்று கேட்டுத் தனிச் சிறு நூலே வெளியிட்டார். அரசு தன் நிலையில் உறுதியாக இருந்தது. தி.நகர் திண்ணைகளில் இதைப் பற்றி வாதம் நடக்காத நாள் இருந்திருக்காது.

விஞ்ஞானிகளுக்குள்ளேயும் குழப்பம் இருந்தது. பிரிட்டனில் நடந்த பெரிய சோதனையில் பி.சி.ஜி. சுமார் 80 சதவீதம் பாதுகாப்புத் தந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நடந்த சோதனையில் பாதுகாப்பு மிகக் குறைவு. அப்படியானால் நம் ஊரில்? பக்கத்து வீட்டுக்காரர் பரீட்சை எழுதி நம் பிள்ளைக்கு மார்க் போட முடியாதல்லவா!

எனவே 1968ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பெரும் சோதனை தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் சேர்ந்தார்கள். சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்பது ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. வருஷக்கணக்கில் கிராமம் கிராமமாகப் போய்ச் சளியைச் சோதித்தார்கள்.

ஏழரை வருஷம் கழித்துப் பார்த்தபோது, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. பதினைந்து வருஷக் கணக்கும் அதையே சொன்னது. இத்தனை பேர் இத்தனை வருஷம் உழைத்து, "வேலை செய்யவில்லை" என்று எழுதுவதற்கு எவ்வளவு நேர்மை வேண்டும்! எழுதினார்கள்.

இதைப் படித்துவிட்டுப் பேரக்குழந்தைக்கு பி.சி.ஜி. வேண்டாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். கைக்குழந்தைகளுக்கு மூளைச்சவ்வில் வரும் காசநோய், உடம்பெங்கும் பரவும் கடுமையான காசநோய் இரண்டிலிருந்தும் அது காப்பாற்றுகிறது. பிறந்தவுடன் போடுவது அதற்காகத்தான். செங்கல்பட்டு சொன்னது என்னவென்றால், ஊரிலிருந்து காசநோயை விரட்ட அந்த ஊசி ஒன்றையே நம்பியிருக்க முடியாது என்பது. ராஜாஜி வென்றார், அரசு தோற்றது என்றும் இதை வாசிக்கக் கூடாது. அவர் எழுப்பிய கவலை வேறு, சோதனை விடை சொன்ன கேள்வி வேறு.

*எதிர்ப்பொருள் என்னும் சாட்சி*

இனி ரத்தத்துக்கு வருவோம். உடம்புக்குள் வேண்டாத ஒன்று நுழைந்தால், அதைக் குறிவைத்துப் பிடிக்க நம் ரத்தம் ஒரு புரதத்தைத் தயாரிக்கிறது. அதுதான் எதிர்ப்பொருள், ஆன்டிபாடி. பூட்டுக்குச் சாவி மாதிரி, ஒவ்வொரு எதிரிக்கும் ஒவ்வொரு எதிர்ப்பொருள். ரத்தத்தில் ஒருவகை எதிர்ப்பொருள் இருக்கிறது என்றால் அந்த எதிரி வந்து போயிருக்கிறான், அல்லது உள்ளேயே இருக்கிறான் என்று பொருள். அதாவது எதிர்ப்பொருள் ஒரு சாட்சி.

1986ல் சென்னையில் இந்தச் சாட்சியை விசாரித்தவர்கள் இரண்டு பெண்கள். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன், அவருடைய மாணவி டாக்டர் நிர்மலா. எய்ட்ஸ் வெளிநாட்டு வியாதி, நம் பண்பாட்டுக்குள் வராது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்த காலம். நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் பேசி, ரத்த மாதிரிகள் சேகரித்தார். சென்னையில் சோதிக்க வசதி இல்லாததால் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். எச்.ஐ.வி.க்கான எதிர்ப்பொருள் ஆறு பேரின் ரத்தத்தில் இருந்தது. அமெரிக்காவிலும் சோதித்து உறுதி செய்தார்கள். நிம்மதி கலைந்தது. ஆனால் அந்தக் கலக்கம் இல்லாமல் ரத்த வங்கிச் சோதனையும் விழிப்புணர்வும் இன்னும் எத்தனை வருஷம் தள்ளிப்போயிருக்கும்!

பலர் நோயாளிகளைத் தொடவே அஞ்சிய அந்த நாளில், டாக்டர் சுனிதி 1993ல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற மையத்தைத் தொடங்கினார். தி.நகரில் சிறிய இடத்தில் இயங்கி, பின்பு தரமணியில் உள்ள வி.எச்.எஸ். வளாகத்துக்குப் போனது. 2015ல் அவர் மறையும்வரை அந்தப் பணி நிற்கவில்லை.

*எதிர்ப்பொருளைத் தயாரிப்பது*

சாட்சியாக இருப்பது எதிர்ப்பொருளின் ஒரு வேலை. உயிரைக் காப்பது இன்னொரு வேலை. அதையே வெளியில் தயாரித்து ஊசியாகப் போட்டால்? பாம்புக்கடி மருந்து அப்படிப்பட்டதுதான்.

கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டை உங்களுக்குத் தெரியும். 1899ல் தோன்றிய அந்த நிலையம், பெரியம்மைக்கு எதிரான அம்மைப்பாலைக் கன்றுக்குட்டிகளின் உடம்பில் வளர்த்து எடுத்துக்கொண்டிருந்தது. விலங்கின் உடம்பையே மருந்துக்கூடமாக்கும் வித்தை இந்த ஊருக்குப் புதிதல்ல. பாம்பு விஷத்துக்கு அந்த வித்தையைக் குதிரையிடம் காட்டுகிறார்கள். மிகச் சிறிய அளவு விஷத்தைக் குதிரைக்குச் செலுத்தி, மெதுவாக அளவைக் கூட்டுவார்கள். குதிரைக்கு ஒன்றும் ஆகாது; அதன் ரத்தத்தில் எதிர்ப்பொருள் நிறைந்துவிடும். பிறகு ரத்தம் எடுத்து, சிவப்பணுக்களைக் குதிரைக்கே திருப்பிச் செலுத்திவிட்டு, தெளிந்த திரவத்திலிருந்து எதிர்ப்பொருளைப் பிரித்து, சுத்தம் செய்து, உலர்த்தி, பொடியாக்கிப் புட்டியில் அடைப்பார்கள். 1895ல் பாரிசில் ஆல்பர்ட் கால்மெட் முதலில் செய்த முறையின் வளர்ச்சி இது.

குதிரைக்குச் செலுத்த விஷம் வேண்டுமே, அது எங்கிருந்து வருகிறது? நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியிலிருந்து. பாம்பைப் பிடிப்பதில் இருளர்களுக்கு நிகர் யாரும் இல்லை. ஒரு காலத்தில் பாம்புத் தோல் வியாபாரத்துக்காகப் பிடித்துக் கொடுத்தார்கள். 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, பிறகு தோல் ஏற்றுமதியும் நின்றது, பிழைப்பு போனது. கிண்டியில் பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேக்கர் முயற்சியில் 1978ல் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, மண்பானையில் வைத்து, சில வாரங்களில் நான்கு தடவை விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் தயாராகும் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு இந்தச் சங்கத்திலிருந்து போகிறது. 2023ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது, பல காலம் தாமதமாகக் கிடைத்த நீதி என்று எனக்குத் தோன்றியது.

கணக்கு டீச்சர்களுக்குப் பிடித்த ஒரு விஷயம் சொல்கிறேன். பாம்பு கடித்த குழந்தைக்கும் பெரியவருக்கும் மருந்தின் அளவு ஒன்றுதான். சாதாரணமாகக் குழந்தைக்கு எல்லா மருந்தும் குறைத்துத்தானே கொடுப்போம்? இங்கே மருந்து அடிக்க வேண்டியது குழந்தையின் எடையை இல்லை, பாம்பு செலுத்திய விஷத்தை. பாம்பு ஆளைப் பார்த்து அளவைக் குறைப்பதில்லை. நம் நாட்டு மருந்தின் ஒரு மில்லி, நல்ல பாம்பு விஷம் 0.6 மில்லிகிராமையும், கட்டுவிரியன் விஷம் 0.45 மில்லிகிராமையும் முறிக்க வேண்டும் என்பது விதி. அதனால்தான் எட்டு, பத்துப் புட்டிகள் வரை முதலிலேயே ஏற்றுகிறார்கள்.

இங்கேயும் ஒரு நம்பிக்கை இருந்தது. ஓர் ஊர் நல்ல பாம்பின் விஷமும் இன்னோர் ஊர் நல்ல பாம்பின் விஷமும் ஒன்றுதானே, தமிழ்நாட்டு விஷத்தில் செய்த மருந்து நாடு முழுவதும் செல்லும் என்ற நம்பிக்கை. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் கார்த்திக் சுனகர் குழுவினர் இதைச் சோதித்தார்கள். இடத்துக்கு இடம் விஷத்தின் கலவை மாறுகிறது, மருந்தின் வீரியம் சில இடங்களில் வெகுவாகக் குறைகிறது என்று தெரிந்தது. நம் நாட்டில் பாம்புக்கடியால் வருஷத்துக்குச் சுமார் 58,000 பேர் இறக்கிறார்கள் என்பது 2020ல் வெளியான மதிப்பீடு. பெரும்பாலும் வயலில் வேலை செய்கிறவர்கள், தரையில் படுத்துத் தூங்குகிறவர்கள். அப்படியிருக்க, இந்த வித்தியாசம் யாருடைய உயிர் என்று சொல்ல வேண்டியதில்லை.

2024ல் அதே பெங்களூர் குழுவும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனமும் சேர்ந்து, குதிரையே இல்லாமல் சோதனைக்கூடத்தில் உருவாக்கிய மனித எதிர்ப்பொருள் ஒன்றை அறிவித்தார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன் இனங்களின் விஷத்தில் நரம்பைத் தாக்கும் ஒரு முக்கிய நச்சுவகையை அது எலிகளில் முறித்தது. விரியன்களின் விஷத்துக்கு அது போதாது, மனிதருக்கு வர இன்னும் தூரம் இருக்கிறது. குதிரைப் புரதத்தால் வரும் ஒவ்வாமை இல்லாத, ஊருக்கு ஊர் மாறாத மருந்துக்கு அது ஒரு வாசல்.

*நான்கு கால் மேல் பீரோ*

இனி நம் வீட்டுக்கே வருகிறேன். ஊசல் சோதனை ஞாபகம் இருக்கிறதா? நூலில் குண்டைக் கட்டி, இருபது அலைவுக்கு நேரம் எடுத்து, இருபதால் வகுக்கச் சொல்வேன். எவ்வளவு வேகமாக இழுத்துவிட்டாலும் அலைவு நேரம் மாறாது, நூலின் நீளம்தான் அதைத் தீர்மானிக்கும் என்று எழுதியிருப்பீர்கள். கட்டடமும் தலைகீழாக நின்ற ஊசல் மாதிரிதான். ஒவ்வொரு கட்டடத்துக்கும் அதன் சொந்த அலைவு நேரம் உண்டு. தோராயமாக ஒரு மாடிக்குப் பத்தில் ஒரு விநாடி. ஐந்து மாடி என்றால் அரை விநாடி. நிலம் அதே தாளத்தில் அசைந்தால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுகிற மாதிரி அசைவு பெருகும். இதுதான் ஒத்ததிர்வு.

இதை ஆராய்கிற இடம் தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம். அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கவுன்சிலின் கீழ் 1965ல் தொடங்கியது. அங்கே அதிர்வு மேசை ஒன்று உண்டு. கட்டடத்தின் மாதிரியை அதன் மேல் கட்டி, உண்மையில் எங்கோ பதிவான ஒரு பூகம்பத்தின் அசைவை அப்படியே மேசைக்குக் கொடுப்பார்கள். எங்கே முதலில் விரிசல் விடுகிறது என்று பார்ப்பார்கள். காற்றுச் சுரங்கம் உண்டு. புயல் காற்றில் உயரமான கட்டடம் எப்படி ஆடும் என்று அளக்க. உயர் அழுத்த மின்கோபுரங்களை முழு உயரத்தில் நிறுத்தி, கம்பிகளால் இழுத்து, தாங்குகிறதா என்று பார்க்கும் இடமும் உண்டு. சில சமயம் முறியும்வரை இழுப்பார்கள். காகிதத்தில் போட்ட கணக்கு தாங்கும் என்கிறது. உண்மையில் எங்கே முறிகிறது? காட்டில், வயலில், ஆள் மேல் விழுந்து முறிவதைவிட மைதானத்தில் முறியட்டும்.

இது எங்கோ குஜராத்துக்கும் ஜப்பானுக்கும் உரிய சங்கதி என்று நினைப்பது மயிலாப்பூர்க்காரர்களின் நம்பிக்கை. 2001 செப்டம்பர் 25 இரவு, புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் சென்னை அதிர்ந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமிக்கு முன்பே கட்டில் ஆடியது பலருக்கு நினைவிருக்கும். 2012 ஏப்ரல் 11ல் சுமத்ரா நடுக்கத்தின்போது அலுவலகங்களிலிருந்து எல்லோரும் தெருவுக்கு ஓடிவந்தார்கள். 2002ல் திருத்திய இந்தியத் தரவிதி, சென்னையை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியது. அதாவது மிதமான ஆபத்து.

2001 ஜனவரி 26 பூஜ் பூகம்பத்தில் கற்க வேண்டிய பாடம் அகமதாபாத்தில் இருக்கிறது. பூகம்ப மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்தும், அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகள் பல சரிந்து எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விழுந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே சாதி. கீழ்த்தளத்தில் கார் நிறுத்தத் தூண்கள் மட்டும். மேலே செங்கல் சுவரோடு வீடுகள். மேல் மாடிகளில் சுவர்கள் இருப்பதால் அவை ஒரே பெட்டியாக விறைத்து நிற்கும். வளைய வேண்டியதெல்லாம் கீழ்த்தளத் தூண்களே வளைய வேண்டும். நான்கு மெல்லிய கால்களின் மேல் இரும்பு பீரோவை நிறுத்தித் தரையை அசைத்தால் பீரோ உடையாது, கால்கள்தான் மடியும்.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மூன்றிலும் எந்தத் தெருவில் திரும்பினாலும் இதே வகைக் கட்டடம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் இந்தத் தூண்தளம் பல குடும்பங்களைக் காப்பாற்றியது என்பதும் உண்மை. தண்ணீருக்கு நல்லது, நடுக்கத்துக்குப் பலவீனம். ஆகவே தூண்தளமே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அந்தத் தூண்களுக்குத் தனிக் கவனம் வேண்டும் என்கிறார்கள். 2002 தரவிதி, இப்படிப்பட்ட தளத்தின் தூண்களையும் உத்திரங்களையும் சாதாரணக் கணக்கைவிட இரண்டரை மடங்கு விசைக்கு வடிவமைக்கச் சொன்னது.

இன்னொரு சின்ன விஷயம், உயிர் காப்பது. தூணில் நீளக் கம்பிகளைச் சுற்றி ரிங் கட்டுவார்கள் அல்லவா, அந்த ரிங்கின் நுனியை 90 டிகிரியில் மடித்து விட்டால் நடுக்கத்தில் அது பிரிந்துகொள்ளும். 135 டிகிரிக்கு உள்பக்கமாக மடித்தால் கான்கிரீட்டைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். தூணின் தலையிலும் காலிலும் ரிங்குகள் நெருக்கமாக இருக்க வேண்டும். இதற்கு ஆகும் கூடுதல் செலவு சொற்பம். கான்கிரீட் போட்ட பிறகு இதை யாராலும் பார்க்க முடியாது. கம்பி கட்டும் நாளில் மட்டும்தான் பார்க்க முடியும்.

இப்போது நம் பகுதிகளில் முப்பது, நாற்பது வருஷப் பழைய ஃபிளாட்டுகளை இடித்துப் புதிதாகக் கட்டித் தரும் ஒப்பந்தங்கள் நிறைய நடக்கின்றன. அசோசியேஷன் கூட்டங்களில் எத்தனை சதுர அடி, எத்தனை கார், மாடுலர் கிச்சன் உண்டா என்று பேசுகிறோம். தயவுசெய்து இந்த மூன்றையும் கேளுங்கள். கட்டமைப்பு வடிவமைப்பு மூன்றாம் மண்டலத்துக்குப் போட்டதா? தூண்தளத்தின் பலவீனத்துக்குத் தனியாகக் கணக்குப் போட்டிருக்கிறீர்களா? கம்பி கட்டும்போது எங்கள் சார்பில் ஓர் இன்ஜினியர் வந்து பார்க்கலாமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். "இங்கெல்லாம் பூகம்பம் வராது சார்" என்பது பதில் ஆகாது. அது சோதிக்கப்படாத நம்பிக்கை.

இத்தனையும் எழுதியபின் என் மனதில் நிற்பவர்கள் டாக்டர்களும் விஞ்ஞானிகளும் மட்டுமல்ல. சீட்டில் எது வந்தாலும் சரி என்று சம்மதித்த 193 நோயாளிகள், ஊசியில் இருப்பது மருந்தா தண்ணீரா என்று தெரியாமல் கையை நீட்டிய செங்கல்பட்டுக் கிராமத்து மக்கள், ரத்தம் கொடுத்த அந்தப் பெண்கள், பானையில் பாம்பைக் கட்டிக்கொண்டு வரும் இருளர்கள். நம் வீட்டில் ஒருவர் காசநோய்க்கு ஆறு மாதம் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிறார் என்றால், அந்த 193 பேரிடம் பட்ட கடன் அது.

என் மாணவர்களில் இன்ஜினியர்கள், டாக்டர்கள், நர்சுகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். தூண், ரிங் பற்றி நான் எழுதியதில் சேர்க்க வேண்டியது இருந்தால் கீழே எழுதுங்கள், எல்லோருக்கும் பயன்படும். புதுக் கட்டட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போகும் உறவினர் யாராவது இருந்தால், இதை அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்